மொட்டைப் பிளக்

கிட்டாரை ஆம்ப்பில் சொருகியதும் 'ஊம்' என்று ஓர் இரைச்சல் வருகிறதே, அதை எப்படி ஒழிப்பது என்றுதான் மேடை வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் என்னிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஒரே நொடியில் அதை ஒழிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழிக்குப் போக மாட்டேன் என்று சொன்னதால்தான் மேடை வேலை எனக்கு இல்லாமல் போனது. அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் பதில் சொல்வேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்களுக்கு இந்தத் தொழிலும் சரிப்படாது.

திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் என் கடை இருந்தது. ஐடிஐ முடித்துவிட்டு ரேடியோவும் டிவியும் பார்த்துக்கொண்டிருந்தவள், எங்கள் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நீட்ட, கிட்டார் ரிப்பேருக்கு வந்து சேர்ந்தேன். கடலூரில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன் ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் ஆராதனைக்கு வாசிப்பான், ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரியில் வாசிப்பான், மீதி நாளில் நான் ராக் வாசிப்பவன் என்று சொல்லிக்கொண்டு திரிவான். அவனுடைய சாமான் எல்லாம் கடல் காற்றில் துருப்பிடித்திருக்கும். அதைத் துடைத்துச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு.

ராக் வாசிப்பவர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அவர்களுடைய கிட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 'உயிர் போயிடுச்சுக்கா' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவன் காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற பெடல் மூன்றை மாற்றி, கேபிள் மாற்றி, கடைசியில் கிட்டாரையே விற்கப் போகிறேன் என்று வந்து நின்றான். கிட்டாரில் இருக்கிற வால்யூம் திருகு பாதியில் நின்றிருந்தது. முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். உயிர் வந்துவிட்டது. அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை, பெடல் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போனான். அன்றே நான் இந்த இனத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனாலும் அவர்களில் ஒருவனை எனக்குப் பிடித்திருந்தது. பெயர் சேவியர். கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தமிழில் பாட்டு எழுதி, மூன்று நண்பர்களோடு சேர்ந்து பேண்ட் வைத்திருந்தான். அவனே வாசிப்பான், அவனே பாடுவான். பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மைக்கில் அழுத்திவைத்துப் பாடுவான். மைக்கைக் கடிக்கிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவனுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பாட்டுக்கு ஒரு வருஷம் தருகிறேன், அதற்குள் எதுவும் அமையாவிட்டால் சித்தப்பா பார்த்து வைத்திருக்கிற சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் முடியப்போகிற சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவில் பேண்ட் போட்டி வந்தது. சென்னையில் பாட்டு வெளியிடுகிற கம்பெனி ஒன்றின் ஆள் அதற்கு நடுவராக வருகிறார், நல்ல குழு கிடைத்தால் கையோடு ஒப்பந்தம் பேசப்போகிறார் என்று செய்தி. சேவியர் என் கடைக்கு வந்து, மேடை வேலையை நான்தான் பார்க்க வேண்டும் என்றான். சந்தோஷமாகப் போனேன்.

எங்கள் குழுவுக்குச் சவுண்ட் சர்வீஸ் அருளுடையது. அருள் சேவியரின் அக்கா புருஷன். மச்சானுக்காகச் சும்மாவே செய்து கொடுக்கிறேன் என்று பெரிய மனதோடு வந்திருந்தான். பரங்கிப்பேட்டையில் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து, வாசிக்க ஆளில்லாமல் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்திருந்த வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கி, அதைத்தான் அன்றைக்கு மேடையில் ஏற்றியிருந்தான். வால்வு ஆம்ப் என்றால் உங்களுக்குத் தெரியும், பழைய ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடிக் குழாய் வைத்தது. கிட்டார்க்காரன் அதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க மாட்டான். சேவியர் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டினான். அந்தச் சத்தத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கூடவே அடியில் அந்த 'ஊம்'.

சாதாரண 'ஊம்' இல்லை. பாட்டை முழுங்கிவிடுகிற அளவுக்கு இருந்தது. கேபிளை மாற்றினேன், பெடல்களைக் கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அருள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து மொட்டைப் பிளக்கை எடுத்தான்.

மொட்டைப் பிளக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கால் பிளக்கில் பருமனாக ஒன்று இருக்கிறதே, அது எர்த். ஆம்ப்புக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய் விடுவது அந்தக் காலின் வேலை. பாதி நேரம் மேடையில் 'ஊம்' வருவதும் அந்தக் கால் வழியாகத்தான். அதனால் சவுண்ட்காரர்கள் அந்தக் காலைப் பிடுங்கிவிட்டு, இரண்டு காலோடு ஒரு ஒயரைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அதைச் சொருகினால் 'ஊம்' பட்டென்று நின்றுவிடும். கசிகிற கரண்ட் நிற்காது. அது ஆம்ப்பின் உடம்பில் தங்கி, கேபிள் வழியாகக் கிட்டார் கம்பிக்கு வந்து காத்துக்கொண்டிருக்கும். வாசிப்பவனின் விரல் எப்போதும் கம்பியில்தான் இருக்கிறது. மைக் எப்போதும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அவன் உதடு அதில் பட்டதும், அந்தக் கரண்ட் கையில் ஏறி நெஞ்சு வழியாக வாய்க்குப் போகும்.

அருள் மொட்டைப் பிளக்கைச் சொருகினான். 'ஊம்' போய்விட்டது. சேவியர் குதித்தான். டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் கான்டீனுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் நாங்கள் மூன்று பேர்தான். கிட்டாரைக் கீழே வை, மைக்கைத் தொடாதே என்று சேவியரிடம் சொல்லிவிட்டு என் பையிலிருந்து பல்பை எடுத்தேன். ஒரு ஹோல்டர், அதில் ஜீரோ வாட் பல்பு, இரண்டு ஒயர். என் கடைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர் வைத்திருந்ததைப் பார்த்து நானும் ஒன்று செய்துகொண்டது. ஒரு ஒயரைக் கிட்டார் கம்பியில் வைத்தேன், இன்னொன்றை மைக்கின் வலையில் வைத்தேன்.

பல்பு எரிந்தது. பிரகாசமாக இல்லை, அணையப்போகிற அடுப்புக்கரி போல மங்கலான சிவப்பு. ஆளைக் கொல்ல அது போதும். ஆம்ப்புக்குள் இருந்த டிரான்ஸ்பார்மர் இத்தனை வருஷமாகக் கடலோர ஈரத்தைக் குடித்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அந்த வெளிச்சத்தைச் சேவியரும் பார்த்தான், அருளும் பார்த்தான்.

"தூசுக் கரண்ட்டுக்கா அது," என்றான் அருள். "ஜாஸ்தி போனா சுருக்குனு ஒரு வாட்டி கடிக்கும், அவ்ளோதான். இத்தினி வருசமா இதத்தான் போடறேன், எவன் செத்தான்?"

ஆம்ப் வேண்டாம், கிட்டாரை நேரே மைக் போகிற மிக்சர் பெட்டியில் சொருகிக்கொள் என்று சேவியரிடம் சொன்னேன். கொசு கத்துகிற மாதிரி இருக்கும் என்றான் அவன். சென்னைக்காரர் கேட்க வந்தது அந்தச் சத்தத்தை இல்லை என்றான். உண்மைதான், அவன் பாட்டின் பாதி அழகு அந்த ஆம்ப்பில்தான் இருந்தது. மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டுவிடலாம் என்றான் அருள். பங்குனி மாத மதியம், மேடையில் ஒரு மின்விசிறி கூட இல்லை. வியர்வையும் எச்சிலும் பட்டு அந்த ஸ்பாஞ்ச் முதல் பாட்டிலேயே நனைந்துவிடும் என்றேன்.

சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மூணே பாட்டுதான்க்கா. மைக்குல வாயே வெக்க மாட்டேன். தள்ளி நின்னு பாடறேன். இத விட்டா எனக்கு வேற வழியில்லன்னு ஒனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும். இரண்டாவது வரியிலேயே அவன் கண் மூடிக்கொள்ளும், மூன்றாவது வரியில் உதடு மைக்கில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் உங்களிடம் கேட்பது அறிவை இல்லை, ஒரு தலையாட்டலைத்தான். 'சரி, பார்த்துக்கொள்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நல்ல பெயர். எதுவும் நடக்காமலும் போயிருக்கலாம். அதையும் யோசித்தேன். சேவியர் விழுந்து கிடப்பதையும் யோசித்தேன். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கட்டரை எடுத்து அந்த ஒயரை மூன்று துண்டாக வெட்டிப் போட்டேன்.

அருள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். அதை இங்கே சொல்ல முடியாது. மற்றக் குழுக்கள் தங்கள் ஆம்ப்பைத் தர மறுத்துவிட்டன. பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ்காரருக்குப் போன் போட்டு, என் கடையில் இருக்கிற ஆம்ப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன். வால்வு இல்லாததுதான், ஆனால் நல்ல ஆம்ப். விழா நடத்தும் பிள்ளைகளிடம் கெஞ்சி எங்கள் குழுவைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு வேலை. அவர் கார் அங்கேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு குழுவாக வாசித்து இறங்கியது. வேலை இருக்கிறது, போட்டி முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னைக்காரர் எழுந்தார். சேவியர் ஓடிப்போய் அவரிடம் என்னவோ பேசினான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆம்ப் அதற்குப் பிறகுதான் வந்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் மூன்று பாட்டையும் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டான். உதடு மைக்கில்தான் இருந்தது, முதல் பாட்டிலிருந்தே. அவ்வளவு நன்றாக அவன் வாசித்து நான் கேட்டதில்லை. மேடை ஓரத்தில் நின்று அழுதேன். கேபிளைச் சுருட்டும்போது என்னிடம் வந்தான்.

"நீங்க என்னய ஒழிச்சிட்டீங்கக்கா," என்றான். அதுவரைக்கும் என்னை நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூர் போனான். போவதற்கு முன்னும், விடுமுறைக்கு வந்தபோதும், யார் கேட்டாலும் ஒரே கதையைச் சொன்னான். டெஸ்டரில் லேசாக வெளிச்சம் தெரிந்ததற்குப் பயந்து ஒரு பொம்பளை அவன் வாழ்க்கையையே வெட்டிப் போட்டாள் என்று. டெஸ்டர் என்றான். டெஸ்டர் தூசுக் கரண்ட்டுக்கும் மின்னும், பல்பு எரிய ஆளைக் கொல்கிற கரண்ட் வேண்டும். பல்பைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. பல்பு என்று சொல்லியிருந்தால் கேட்பவர்களில் யாராவது ஒருவனுக்காவது விஷயம் புரிந்திருக்கும். அருள் அதற்கு மேல் போனான். அந்தம்மாவைக் கூப்பிட்டால் புரோகிராம் நடக்காது என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எல்லா சவுண்ட் சர்வீஸிலும் சொல்லிவைத்தான். யாரும் கூப்பிடவில்லை. மேடைக்குப் போவது நின்றது. கடைக்குள் உட்கார்ந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாண்டிச்சேரியில் ஆம்ப் பார்க்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் பேச்சுவாக்கில், கடலூரிலிருந்து ஒரு வால்வு ஆம்ப் வந்தது, டிரான்ஸ்பார்மர் முழுக்க ஈரம் ஏறி உடம்பெல்லாம் கரண்ட், இதை எவனோ மேடையில் வைத்திருக்கிறான், வாசித்தவன் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார். யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். அருள். இதையெல்லாம் அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேனே, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான் என்றார். கேட்டுக்கொண்டு போய், அதே வாயால் என்னைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தான். புது டிரான்ஸ்பார்மர் போட்ட அந்த ஆம்ப் இன்றைக்கும் அவனிடம் இருக்கிறது. அதற்கு நல்ல கிராக்கி என்று கேள்வி.

நடந்துவிட்ட விபத்துக்குச் சாட்சி சொல்ல நூறு பேர் வருவார்கள். நடக்காமல் தடுத்த விபத்துக்கு ஒருத்தன் வர மாட்டான். சேவியர் அன்றைக்கு விழுந்திருந்தால், அந்தம்மா முன்னாலேயே சொன்னாள் என்று ஊரே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். அவன் உயிரோடு இருந்ததால் நான் பைத்தியக்காரி ஆனேன். இதை நான் ஆறிப்போய்ச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இப்போதும் எரிகிறது.

போன வருஷம் என் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். அதற்காக முதுநகரில் ஒரு சர்ச்சுக்குப் போயிருந்தேன். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒரு பெண் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பாடப்போகிறவளும் அவள்தான், முன்னால் மைக் இருந்தது. ஆம்ப்பை ஆன் செய்ததும் 'ஊம்' என்று வந்தது. பக்கத்திலிருந்த பையன் ஒருவன் மொட்டைப் பிளக்கை மாட்டுவதற்காக அந்தப் பிளக்கை உருவப் போனான்.

தலை நரைத்த ஒரு ஆள் விடுவிடுவென்று மேடை ஏறி அவன் கையைத் தட்டிவிட்டார். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தார். ஒரு ஹோல்டர், அதில் ஜீரோ வாட் பல்பு, இரண்டு ஒயர். ஒன்றை அந்தப் பெண்ணின் கிட்டார் கம்பியில் வைத்தார், இன்னொன்றை மைக்கின் வலையில் வைத்தார். குனிந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எரியவில்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அப்புறம்தான் பாடு என்று அவளுக்குத் தலையசைத்தார். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. சேவியர். அந்தப் பெண் அவன் மகள்.

அவள் 'ஊம்'மோடுதான் பாடினாள். அப்பாவைப் போலவே மைக்கில் உதட்டை வைத்துத்தான் பாடினாள். எனக்கு ஒரு வரி கூடக் காதில் ஏறவில்லை.

முடிந்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் என்னைப் பார்த்துவிட்டான். விலகிப் போகத்தான் பார்த்தான், கூட்டம் விடவில்லை. நான் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருத்தரிடமாவது அந்தப் பல்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவன் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான். "அன்னிக்கே தெரியும்க்கா, நீங்க செஞ்சது சரின்னு. பல்ப நானும்தான பாத்தேன். ஆனா அத ஒத்துக்கிட்டா நான் அப்புறம் யாரு மேல கோவப்படறது? மாமா மேலயா? அக்கா வாழ வேணாமா?"

கூடப் பிறந்தவளின் புருஷனை விட்டுக்கொடுக்க முடியாது, தன் தலையெழுத்தைத் திட்டவும் முடியாது. திட்டுவதற்குத் தோதாக, எந்த உறவும் இல்லாத ஒருத்தி கிடைத்தாள். கணக்கு அவ்வளவுதான். அவன் முகத்தில் குற்றவுணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதற்குள் அவன் மகள் கிட்டார் பையோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நல்ல பிள்ளை. "யாருப்பா இவுங்க?" என்று கேட்டாள்.

சேவியர் என்னைப் பார்த்தான். ஒரு நொடி அவன் வாய் திறந்தது. சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன்.

"முன்னாடி ஸ்டேசன் பக்கத்துல கட வெச்சிருந்தவங்கம்மா," என்றான். "ரேடியோ ரிப்பேர் பண்ணுவாங்க."

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிட்டார் ஆம்ப்பும் மைக்கின் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், பாதி 'ஊம்' அதிலேயே போய்விடும். மீதி போகவில்லையென்றால் அதோடு வாசிக்கச் சொல்லுங்கள். மொட்டைப் பிளக்கை மட்டும் எவன் நீட்டினாலும் வாங்காதீர்கள். பையில் ஒரு ஜீரோ வாட் பல்பு இருக்கட்டும். அது எரிந்தால், யார் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாலும் ஒயரை வெட்டுங்கள். வெட்டிவிட்டு, அதற்காக யாராவது வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.